வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்: பெங்களூர் வீடுகளில் பகல் வெளிச்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் நான் வளர்ந்த வீட்டில், நடுக்கூடத்து டியூப்லைட்டைக் காலையில் போட்டால் இரவு படுக்கப் போகும்போதுதான் அணைப்போம். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர். அரிசியில் கல் பொறுக்க அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போவார். வீட்டு உள்வடிவமைப்பு வேலைக்கு வந்த பிறகு அந்த வீட்டை மனதுக்குள் எத்தனையோ தடவை இடித்துக் கட்டிப் பார்த்திருக்கிறேன். ராமமூர்த்தி நகர், எஜிபுரா, ஓசூர் சாலைப் பக்கம் என்று நம் ஆட்கள் வீடு கட்டும்போதும் வாடகைக்குப் பார்க்கும்போதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

வெளிச்சம் நிறைய வந்தால் வீடு சூடாகிவிடாதா?

வெயில் வந்தால் சூடாகும். வெளிச்சம் வந்தால் அந்த அளவுக்கு ஆகாது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆனால் வீடு கட்டும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சூரியனிலிருந்து நேராக வந்து தரையில் விழுவது வெயில். வானத்திலிருந்தும் எதிர்ச்சுவரிலிருந்தும் பட்டுத் தெறித்து வருவது வெளிச்சம்.

அளவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வானம் மேகம் மூடிக் கிடக்கும் பகலில்கூட 10,000 லக்ஸ் வரை இருக்கும். அடுப்படியில் காய் நறுக்க சுமார் 200 லக்ஸ் இருந்தால் போதும். அதாவது மேகமூட்ட வானத்தின் வெளிச்சத்தில் நூற்றில் இரண்டு பங்கை உள்ளே கொண்டுவந்தால் அடுப்படியில் பகலில் விளக்கே வேண்டாம். அந்த இரண்டு பங்குக்காக வெயிலை வீட்டுக்குள் விட வேண்டிய அவசியம் இல்லை.

"பெங்களூர்தானே, குளுகுளு ஊர்" என்று யாராவது சொன்னால் 2016 ஏப்ரலை நினைவுபடுத்துங்கள். அந்த மாதம் 24ஆம் தேதி இங்கே 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது.

எந்தத் திசையில் ஜன்னல் வைக்க வேண்டும்?

வடக்கிலும் தெற்கிலும் தாராளமாக, கிழக்கில் அளவாக, மேற்கில் யோசித்து. காரணம் தெரிந்தால்தான் மேஸ்திரியிடம் விட்டுக்கொடுக்காமல் பேச முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அன்றைக்கு ஒரு கம்பை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே விழும். நிழலில்லா நாள் என்பது இதுதான். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று வடநாட்டுக்கு எழுதிய கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த மாதங்களில் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால் வடக்கு ஜன்னலுக்கு ஓரடி சன்ஷேடு போதும். அதன் நிழல் ஐந்தடிக்கு மேல் இறங்கும்.

தெற்கு ஜன்னலை எல்லோரும் பயந்து ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை. மார்ச்சில் நடுப்பகல் சூரியன் 77 டிகிரி உயரத்தில் இருக்கும்; இரண்டடி சன்ஷேடு இருந்தால் நாலடி ஜன்னல் முழுக்க நிழலில் இருக்கும். டிசம்பரில் சூரியன் 53 டிகிரிக்குச் சாயும்போது அதே சன்ஷேடு மேலே இரண்டே முக்கால் அடியை மறைத்துவிட்டு, கீழே ஓரடிக்குச் சற்று மேல் வெயிலை உள்ளே அனுப்பும். மார்கழிக் குளிரில் அந்தத் துண்டு வெயிலில்தான் வீட்டுப் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கோடையில் மறைத்து, குளிரில் கொடுப்பது தெற்கு.

மேற்கு அப்படியல்ல. மார்ச் மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில் நேரே பார்க்கும். அப்போது இரண்டடி சன்ஷேடின் நிழல் ஓரடிக்குச் சற்று மேல்தான் இறங்கும். மிச்ச ஜன்னல் முழுக்க வெயில். சன்ஷேடை நீட்டிப் பயனில்லை. பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் பலகைகள், மூங்கில் தட்டி, ஒரு மரம், அல்லது இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் செங்கல் என்று முன்னால் நிற்கிற ஏதாவது ஒன்றால்தான் தடுக்க முடியும். முடிந்தவரை குளியலறை, அலமாரிச் சுவர் ஆகியவற்றை மேற்கில் தள்ளிவிடுங்கள்.

எங்கள் சைட் 30க்கு 40. மூன்று பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள். எங்கிருந்து வெளிச்சம் எடுப்பது?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். 1,200 சதுர அடியில் கார் நிறுத்த இடம், கீழே ஒரு வாடகைப் பகுதி, மேலே நாம் என்று திட்டம் போடுகிறோம். பக்கவாட்டில் விட்ட இரண்டு மூன்று அடியை நம்பிப் பெரிய ஜன்னல் வைக்கிறோம். இன்றைக்கு அடுத்தது காலி மனையாக இருக்கலாம். மூன்று வருடத்தில் அங்கே நாலு மாடி எழும்பினால் நம் ஜன்னலுக்கு மிஞ்சுவது அவர்கள் சுவரும் குழாய்களும்தான். சைட் வாங்கியவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்று: பக்கத்து மனை காலியாக இருந்தாலும், அங்கே வீடு ஏற்கெனவே நிற்பதாக வைத்துக்கொண்டு வரைபடம் போடுங்கள். உங்கள் மனைக்குள்ளிருந்து, உங்கள் தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம்தான் உங்களுடையது. அதை யாரும் மறைக்க முடியாது.

மேலிருந்து எடுக்கச் சுலபமான இடம் மாடிப்படி. இந்த ஊரில் படிக்கட்டை ஒரு மூலையில் ஒதுக்கி, மொட்டை மாடியில் அதன் ஹெட்ரூமை (படிக்கட்டு போய் முடியும் சின்ன அறையை) நாலு பக்கமும் மூடி, ஒரு தகரக் கதவு போட்டு முடித்துவிடுவது வழக்கம். அந்தப் படிக்கட்டை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்ரூமின் வடக்குச் சுவரை முழுக்கக் கண்ணாடி ஜன்னலாக்குங்கள். படிச்சுவருக்கு வெள்ளை அடியுங்கள். படிகளுக்கு நடுவே செங்குத்துப் பலகை வைத்து மூடாமல் திறந்து விடுங்கள். இரண்டு மாடி இறங்கி நடுக்கூடம் வரைக்கும் வெளிச்சம் வரும். அந்த ஜன்னலைத் திறக்கிற மாதிரி வைத்தால் வீட்டுச் சூடு மேலேறி அது வழியாக வெளியேறும். கீழே ஜன்னல்கள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர், காற்றின் வழி என்று அர்த்தம். வெளிச்சத்துக்கு வைக்கிற எந்தத் திறப்பும் காற்றுக்கும் வழியாக இருக்க வேண்டும் என்பதை நான் அந்தச் சொல்லிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, வானம் பார்த்த டக்ட், அதாவது வீட்டுக்குள் கீழிருந்து மேல்வரை கூரையில்லாமல் விடும் இடம். மூன்றுக்கு மூன்று அடியில் விட்டுவிட்டு, அதிலேயே கழிவுநீர்க் குழாய்களையும் இறக்கி, கீழே வாஷிங் மெஷின் வைத்தால் அது இருட்டுக் கிணறுதான். இருபதடி ஆழத்தில் மூன்றடி அகலம் எதற்கும் உதவாது. ஆறடிக்கு ஆறடி விட முடிந்தால் அதைச் சுற்றி அடுப்படி, சாப்பாட்டு இடம், ஓர் அறை என்று மூன்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். 36 சதுர அடி வீணாகிறதே என்பார்கள். மைசூர் பக்கத்துத் தொட்டி மனைகளிலும் நம் ஊர் முற்றத்து வீடுகளிலும் வீட்டின் நடுவையே வானத்துக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த 36 சதுர அடியை நான் வீண் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மழைக்காகக் கம்பி வலைக்கு மேல் உயர்த்திய கண்ணாடிக் கூரை போட்டு, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விட்டால் பூனையும் வராது, சாரலும் வராது.

ஒரு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் தொம்லூரில் இருக்கும் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே வடிவமைத்தது. தெற்குப் பக்கம் நாற்றமடிக்கும் சாக்கடை ஓடியதால் அந்தச் சுவரை மூடி, கறுப்புக் கடப்பா கல் பதித்தார்கள். வெயிலில் அந்தக் கல் சூடாகி, பின்னால் இருக்கும் இடைவெளியில் காற்றை மேலே இழுக்கிறது. கூசாத வெளிச்சத்துக்கு வடக்கையும் கூரையையும் நம்பினார்கள். மோசமான பக்கம் என்று ஒதுக்கியதையே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கூரையில் கண்ணாடி போட்டால் ஒழுகும், உடையும் என்கிறார்களே?

சரியாகச் செய்யாவிட்டால் இரண்டும் நடக்கும். கண்ணாடியைத் தளத்தோடு தளமாகப் பதிக்கக் கூடாது. சுற்றிலும் அரையடிக்குக் குறையாமல் சுவர் எழுப்பி, அதன்மேல் சாய்வாக, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்க வேண்டும். ஒழுகும் ஸ்கைலைட்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் தட்டையாகப் போட்டு, ஓரத்தில் சிலிக்கான் மட்டும் பூசியவை. நாளடைவில் அந்தப் பூச்சு ஓரத்தை விட்டுப் பிரிந்துவிடும்.

தலைக்கு மேலே என்றால் லேமினேட்டட் கண்ணாடிதான். நடுவில் படலம் இருப்பதால் உடைந்தாலும் துண்டுகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வெறும் டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும். பாலிகார்பனேட் ஷீட் மலிவு, லேசு; ஆனால் நாளாக நாளாகப் பழுத்து மங்கிவிடும்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் வானத்தை நேராகப் பார்க்கும் கண்ணாடி, அறைக்குள் அடுப்பு வைத்த மாதிரி. பெரிதாக ஒன்று போடுவதைவிடச் சிறிதாக இரண்டு போடுங்கள். அல்லது கூரையைக் கொஞ்சம் உயர்த்தி வடக்குப் பார்த்த செங்குத்து ஜன்னலாக்குங்கள். ஓட்டு வீடாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. மங்களூர் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு, அவ்வளவுதான். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அந்த ஓடு நம் வீடுகளின் கூரையேறியிருக்கிறது. ஒற்றைக் கண்ணாடி ஓட்டில் அடுப்படி முழுவதும் நடமாடும் அளவுக்கு வெளிச்சம் வரும்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான விதித்தொகுப்பு, பெங்களூர் போன்ற மிதமான தட்பவெப்பத்தில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 12.5 சதவீதமாவது வேண்டும் என்றது, எட்டில் ஒரு பங்கு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கான விதியாக அது வந்தது, 30க்கு 40க்குக் கட்டாயமில்லை. ஆனாலும் நல்ல அளவுகோல்.

10க்கு 12 அறை என்றால் 15 சதுர அடி திறக்க வேண்டும். வழக்கமாக வைக்கும் 4க்கு 4 யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங் ஜன்னல் 16 சதுர அடி. ஆனால் பாதிதான் திறக்கும், எட்டு சதுர அடி. கணக்கில் பாதி போயிற்று. வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னல் வைத்தால் ஏறக்குறைய முழுவதும் கிடைக்கும்.

அகலத்தைவிட உயரம் முக்கியம். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம்தான் வெளிச்சம் உள்ளே போகும். ஏழடி லிண்டலில் (ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டையில்) நிறுத்தினால் அதிகபட்சம் பதினாலு அடி. பத்தடி கூரை இருக்கும் அறையில் ஏழடிக்கு மேல் வெறும் சுவராக விடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். முன்பெல்லாம் அங்கே ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அதைத் திரும்ப வையுங்கள். அறையின் உள்மூலைக்கு வெளிச்சம் அந்த உயரத்திலிருந்துதான் வரும்.

நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். சுவரைத் தொட முடியாது. என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். முதலில் கூரைக்கு வெள்ளை. சுவருக்கு முன்னால் கூரை. ஜன்னலில் நுழைந்த வெளிச்சம் தரை, கூரை, சுவர் என்று பட்டுப்பட்டுத்தான் உள்ளே போகிறது. வெள்ளைப் பூச்சு தன்மேல் பட்டதில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். நடுத்தரமான ஒரு நிறம் 50 சதவீதம்தான் கொடுக்கும். மூன்று தடவை பட்டால் வெள்ளை அறையில் பாதி வெளிச்சம் மிஞ்சும். மற்றதில் எட்டில் ஒரு பங்கு. ஒரே ஜன்னல், ஒரே வானம், நாலு மடங்கு வித்தியாசம். வீட்டுக்காரரிடம் பேசி, காலி செய்யும்போது எப்படியும் அட்வான்ஸில் கழிக்கப்போகிற பெயின்டிங் காசை முன்கூட்டியே செலவழிக்கச் சம்மதம் வாங்கிப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறகு ஜன்னலைச் சுற்றிப் பாருங்கள். கர்ட்டன் கம்பி ஜன்னலைவிட இருபுறமும் ஓரடி அகலமாக இருந்தால், திரையை ஒதுக்கும்போது அது கண்ணாடியை மறைக்காமல் சுவருக்குப் போய்விடும். பீரோவும் ஃப்ரிட்ஜும் ஜன்னலை ஒட்டி நின்றால் உள்சுவருக்கு மாற்றுங்கள். படிப்பு மேசையை ஜன்னல் பக்கம் கொண்டுவாருங்கள். மேசை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். வலது கைக்காரப் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் எழுதும் கையின் நிழல் தாளில் விழாது.

கொசு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். இந்த ஊர்த் தூசியில் ஆறு மாதம் கழுவாத வலை ஒரு திரைச்சீலைக்குச் சமம். முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டுவதென்றால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல், அதற்குச் செங்குத்தான சுவரில் மாட்டிப் பாருங்கள். வெளிச்சம் அறையின் உள்பக்கத்துக்குத் திரும்பும்.

மேற்கு ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

வேண்டாம். வெளிச்சத்தையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, பகலில் விளக்குப் போட வைக்கும். ஃபிலிம் உறிஞ்சும் சூட்டில் கண்ணாடியே கொதித்து அறைக்குள் அனலடிக்கும். சூட்டைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். பால்கனியில் ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். மாலை மூன்று மணிக்கு இறக்கி, ஆறு மணிக்குச் சுருட்டினால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் படுகிறதே?

கண் மட்டத்துக்கு மேலே, ஆறடியில் தொடங்கும் அகலமான ஜன்னல் வைத்தால் வானம் தெரியும், ஆள் தெரியாது. படிக்கட்டு, துணி துவைக்கும் யுட்டிலிட்டி போன்ற இடங்களுக்கு ஜாலிச் செங்கல் நல்லது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியே வெளிச்சம், காற்று, மறைப்பு மூன்றையும் ஒரே சுவரில் கொண்டுவந்தார். கூடுதல் பொருள் எதுவும் இல்லை. சொல்லப்போனால் செங்கல் குறைவாகத்தான் ஆகும். தூசி படியும், பல்லி வரும், உண்மைதான். உள்பக்கம் ஒரு வலை அடித்துக்கொள்ளுங்கள்.

வாஸ்துவோடு இது ஒத்துப்போகுமா?

வடக்கும் கிழக்கும் திறந்திருக்கட்டும் என்பதில் ஒத்துப்போகும். தெற்கை முழுக்க மூடு என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் மேலே சொல்லிவிட்டேன். வீட்டில் பெரியவர்களுக்கு அது மனக்குறையாக இருந்தால் தெற்கில் உயரமான சிறு ஜன்னல்களாக வைத்து இரு பக்கமும் சமாதானமாகலாம்.

கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். 20 வாட் எல்இடி டியூப் நாலு, பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 19 யூனிட் சொச்சம். கர்நாடகத்தில் 2023இல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்பதால் பலருக்கு ரூபாயில் தெரியவே தெரியாது. ஆனாலும் அந்த 19 யூனிட் எங்கோ உற்பத்தியாகித்தான் நம் வீட்டுக்கு வருகிறது. தெருவில் நூறு வீடு என்றால் மாதம் 1,900 யூனிட். இதைவிடப் பெரிய மிச்சம், மேற்கு வெயிலைத் தடுத்ததால் ஏசி வாங்காமல் இருந்துவிடுவது.

ஜன்னல் வழியாக வரும் வெயிலில் குழந்தைக்கு வைட்டமின் டி கிடைக்குமா?

மூடிய கண்ணாடி வழியாகக் கிடைக்காது. அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணாடி தாண்டி வரும் வேறு கதிர்கள்தான் சோபாத் துணியை வெளுக்க வைப்பவை.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது எப்படிச் சோதிப்பது?

தரகர்கள் எல்லா விளக்கையும் போட்டு வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே போனதும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் நின்று கண் பழகட்டும். அடுப்பு மேடைக்கு முன்னால் போய் நில்லுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலிலேயே தினமும் சமைக்க வேண்டியிருக்கும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போட்டு மேடைமேல் வையுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 200க்குப் பக்கமா 20க்குப் பக்கமா என்று தெரிந்துவிடும். மேற்கு அறைக்கு மாலை நாலு மணிக்குத் திரும்ப ஒருமுறை வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் காலி மனை இருந்தால் அது யாருடையது, எப்போது கட்டப்போகிறார்கள் என்று எதிர்க் கடையில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.